நாலு விரற்கடை

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், மாப்பிள்ளைக்குச் சேவகம் செய்வது என்று சொல்வேன். பொய்யில்லை. காலை எட்டு மணிக்குப் போய் அவன் கூண்டைக் கழுவி, எடை பார்த்து எழுதி, அவனுக்குப் பிடித்த பழச்சாற்றை அவனுக்குப் பிடித்த குளிர்ச்சியில் எடுத்து வைக்க வேண்டும். குளிர்ச்சி கொஞ்சம் குறைந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வந்த முதல் வாரமே அந்த முறுக்கைப் பார்த்துவிட்டு நான் வைத்த பெயர்தான் மாப்பிள்ளை. ஆராய்ச்சிக்கூடத்துத் தாள்களில் அவனுக்கு ஓர் எழுத்தும் இரண்டு எண்களும் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

மாப்பிள்ளை ஒரு குரங்கு. எட்டு கிலோ. கண் பார்த்த இடத்துக்குக் கை எப்படிப் போகிறது, நடுவில் மூளைக்குள் யார் வழி சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் அவனை வைத்திருக்கிறார்கள். இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது, பார்த்தால் எடுக்க வேண்டியதுதானே என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். எனக்கு வாய் நீளம். அதைச் சொல்லியும் விட்டேன்.

சொன்னது புள்ளி சாரிடம். அவர் அங்கே ஆராய்ச்சி செய்கிறவர், என்னைவிட ஆறேழு வயது சின்னவர். மாப்பிள்ளையின் மூளையில் முடியைவிட மெல்லிய ஒரு கம்பி, ஒரே ஒரு செல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அந்தச் செல் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு சத்தம் வரும், கணினித் திரையில் ஒரு புள்ளி விழும். சார் நாள் முழுக்க அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பிட்டாரா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாது. புள்ளி சார் என்று நான் வைத்த பெயர் அவர் காதுக்கு எட்டியதில்லை. எட்டினாலும் கோபப்பட மாட்டார், அதற்கும் ஒரு புள்ளி வைத்துக்கொள்வார்.

கம்பி என்றதும் உங்களுக்கு மனசு கூசும். எனக்கும் கூசியது. மூளைக்கு வலி தெரியாது, தலையில் மூடி பொருத்தியதுகூட மயக்க மருந்து கொடுத்துத்தான் என்று விளக்கினார்கள். புரிந்தது. ஆனாலும் முதல் மாதம் சோறு இறங்கவில்லை. ஒன்பது வருடம் ஆகிவிட்டது, இன்றும் கூண்டைத் திறக்கும்போது "மன்னிச்சுக்கடா" என்று சொல்லிவிட்டுத்தான் திறக்கிறேன். அவன் மன்னித்தானா என்று தெரியாது. ஜூஸ் டப்பாவைத்தான் பார்ப்பான்.

வேலை நடக்கிற அறைக்கு ஜன்னல் கிடையாது. கறுப்புத் திரை, ஒரு நாற்காலி, முன்னால் தொடுதிரை. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. மாப்பிள்ளை கண்ணை அதிலேயே வைத்திருக்க வேண்டும், கண் நகர்ந்தால் கேமரா காட்டிக் கொடுத்துவிடும். அப்போது ஓரத்தில் எங்காவது ஒரு வெள்ளைப் புள்ளி மின்னி மறையும். உடனே கையை நீட்டக் கூடாது, காத்திருக்க வேண்டும். 'பீப்' சத்தம் கேட்ட பிறகுதான், கண் நடுவிலேயே இருக்க, வெள்ளைப் புள்ளி இருந்த இடத்தைக் கை தொட வேண்டும். சரியாகத் தொட்டால் ஒரு வாய் ஜூஸ். கண் ஓரிடம், கை ஓரிடம். அது அவனுக்குப் பழகவே எட்டு மாதம் ஆனது. பழக்கியவள் நான்தான்.

ஒருநாள் ஸ்பீக்கரில் ஒரு செல் கிடைத்தது. வலது பக்கம் கீழே வெள்ளைப் புள்ளி மின்னினால் போதும், சோளம் பொரிகிற மாதிரி படபடவென்று அடித்துக்கொள்ளும். மற்ற இடங்களுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக முனகும். எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்னவென்றால், 'பீப்' வருவதற்கு முன்பே, கை மடியில் சும்மா கிடக்கும்போதே, அது அடித்துக்கொண்டது.

"சார், கை இன்னும் மடியிலதான் இருக்கு. அதுக்குள்ள இது எதுக்கு இப்படிக் கத்துது?"

"கை எங்க போகப்போகுதுன்னு இதுக்குத் தெரியும் அக்கா."

"கைக்குத் தெரியுமா?"

"கைக்கு இன்னும் சொல்லலை."

எனக்கு அந்தப் பதில் அவ்வளவு பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அறையைப் பெருக்கும்போதும் காதை ஸ்பீக்கரில்தான் வைத்திருப்பேன். படபடவென்றால் "வலது பக்கம் கீழ" என்பேன். கை அங்கேதான் போகும். குரங்கின் கை எங்கே போகும் என்று குரங்கின் கைக்கு முன்னால் தெரிந்துகொண்டவள் நான். இந்தப் பெருமையை வீட்டில் சொன்னபோது என் வீட்டுக்காரர், "நம்ம வீட்டுல நான் என்ன பேசப்போறேன்னு எனக்கு முன்னாடியே உனக்குத் தெரியுமே, அது மாதிரியா?" என்றார்.

அவர் முடி வெட்டுகிறவர். கடைத்தெருவில் மூன்று நாற்காலி போட்ட சலூன். இருபது வருடமாக நடு நாற்காலி அவருடையது. முதலாளி வேறொருவர், வயதானவர், வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளை விளம்பரம் விடாமல் படிப்பார்.

மூன்று மாதத்துக்கு முன் ஒருநாள் மதியம் கடையிலேயே அவருக்குத் தலை வலித்து, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துவிட்டு, மூளையின் பின்பக்கம் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, பெரிய ஆபத்தில்லை என்றார்கள். நான்கு நாளில் பேச்சு தெளிந்தது. அனுப்பும்போது டாக்டர் தன் இரண்டு விரலைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அழுத்தினார். பலகையில் எழுத்து படிக்கச் சொன்னார். கடைசி வரி வரைக்கும் படித்தார். "கண்ணும் சரி, கையும் சரி. நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார் டாக்டர். எனக்கு உயிர் வந்தது.

வீட்டுக்கு வந்த வாரத்தில் மூன்று டம்ளர் உடைந்தது.

செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே டீக்குக் கை நீட்டுவார். டம்ளருக்கு நாலு விரற்கடை தள்ளி, வெறும் மேசையில் போய் விரல் மூடும். இரண்டாவது தரம் நீட்டும்போது புறங்கை பட்டு டம்ளர் உருளும். நேராகப் பார்த்து எடுத்தால் ஒழுங்காக எடுப்பார். அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. பார்த்தால் எடுக்க முடிகிறதல்லவா, அப்படியானால் பார்க்க வேண்டியதுதானே? "பராக்குப் பார்க்காதீங்க" என்று கத்துவேன். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கத்தியிருப்பேன்.

அவர் சிரித்து மழுப்புவார். "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைன்னு ஊர்ல சொல்வாங்க. எனக்குக் கண்ணுக்கு எட்டினது கைக்கு எட்டலை."

கடையில் சிரிக்க முடியவில்லை. முடி வெட்டுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். கண் வாடிக்கையாளரின் தலையில்தான் இருக்கும், சீப்புக்கும் கத்தரிக்கும் கை தானாகப் போய் வரும். அவர் கை தானாகப் போனது, ஆனால் சீப்பு இருக்கிற இடத்துக்குப் போகவில்லை. தண்ணீர் தெளிக்கிற பாட்டிலைத் தட்டி விட்டார். பவுடர் டப்பாவை ஒருவர் மடியில் கவிழ்த்தார். பகலிலேயே குடிக்கிறார் என்று ஒரு வாடிக்கையாளர் முதலாளியின் காதில் ஓதியிருக்கிறார். இருபது வருடத்தில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன். முதலாளி கூப்பிட்டு, "சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன்பா. அதுக்கு மேல நடு நாற்காலிக்கு வேற ஆள் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டார். அவர் இதை என்னிடம் சொன்னது செவ்வாய்க்கிழமை. முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் புதன். ஆராய்ச்சிக்கூடத்தில் அன்று புதுச் சோதனை. அந்தப் படபட செல் இருக்கிற இடத்தை மட்டும் ஒரு துளி மருந்து விட்டு இரண்டு மணி நேரம் தூங்க வைப்பது, தூங்கும்போது கை என்ன செய்கிறது என்று பார்ப்பது.

"அப்புறம் முழிச்சுக்குமா சார்?"

"சாயங்காலம் எப்பவும் போல ஆயிடும் அக்கா."

மருந்து போனது. ஸ்பீக்கரில் பொரிகிற சத்தம் மெல்ல அடங்கியது. சமையல் முடிந்த அடுப்படி மாதிரி ஆகிவிட்டது அறை. நான் ஜூஸ் குழாயைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றேன். முதலில் பழக்கத்துக்காக ஓர் உலர்ந்த திராட்சையை நீட்டினேன். நேராகப் பார்த்தான், நறுக்கென்று எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்தேன்.

பிறகு திரை ஓடியது. கண் நடுவில். வலது பக்கம் கீழே வெள்ளைப் புள்ளி. கை போனது. வெள்ளைப் புள்ளிக்கு நாலு விரற்கடை தள்ளி, வெறும் கண்ணாடியைத் தொட்டு நின்றது.

மாப்பிள்ளை கையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். ஜூஸ் வரவில்லையே, நீ ஏன் தரவில்லை என்கிற பார்வை. மறுபடி. மறுபடியும் நாலு விரற்கடை. என் கையிலிருந்து குழாய் நழுவியது. அந்தக் கையை எனக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தினமும் என் வீட்டு மேசையில் பார்க்கிற கை.

கண் சரி. கை சரி. நடுவில் சொல்கிறவர்கள் தூங்கிவிட்டார்கள். டாக்டர் இரண்டு முனையையும் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறார். நான் என்ன செய்தேன்? அன்று காலையில்கூடப் பராக்குப் பார்க்காதீங்க என்று கத்திவிட்டுத்தான் வந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

சாரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்பது வருடம் அந்த அறையில் இருந்தவளுக்கு வாய்ச்சொல் போதாது. கண்ணால் பார்த்ததைக் கணக்காகக் காட்ட வேண்டும் என்கிற திமிர் எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது. நானே சோதனை செய்து, தாளோடு வந்து நிற்கிறேன் என்று முடிவு செய்தேன்.

சாயங்காலம் வீட்டில் சாப்பாட்டு மேசையைக் காலி செய்தேன். பழைய செய்தித்தாளை விரித்துப் பென்சிலால் பத்து இடத்தில் பெருக்கல் குறி போட்டேன். அவரை உட்கார வைத்து, தலை ஆடாமல் இருக்க மோவாய்க்குக் கீழே தடித்த புத்தகங்களை அடுக்கினேன்.

"என்னம்மா இது, என்னைக் குரங்காக்கிட்டியா?"

"மூக்கைப் பாருங்க. என் மூக்கை மட்டும்."

"இருபது வருஷமா அதைத்தான பார்க்கிறேன்."

"பேசாதீங்க. ஓரக்கண்ணுல பாட்டில் மூடி தெரியும். எடுத்துடுவேன். சத்தம் கொடுத்ததும் மூடி இருந்த இடத்தைத் தொடணும். பார்க்கக் கூடாது."

"தொட்டா ஜூஸ் உண்டா?"

"உண்டு."

ஒரு பாட்டில் மூடியைக் குறியின் மேல் வைப்பேன், எடுத்துவிடுவேன், மனசுக்குள் ஐந்து எண்ணுவேன், நாக்கால் 'டொக்' என்று அடிப்பேன். அவர் கை நீளும். தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். மாப்பிள்ளைக்கு எப்படிச் செய்வோமோ அதே முறை, அதே ஒழுங்கு. புள்ளி சாரே வந்தாலும் குறை சொல்ல முடியாது.

நாற்பது தரம். முப்பத்தேழு சரி. வலது பக்கம், இடது பக்கம், கீழே, மேலே, எந்தப் பக்கமும் அநேகமாகக் குறியின் மேலேயே விழுந்திருந்தது.

இப்படித் தொடுகிறவருக்கு டம்ளர் மட்டும் எப்படித் தவறும்? பாவம் பார்த்து உருகினேனே, அந்த உருக்கமெல்லாம் அப்படியே கோபமாகத் திரும்பியது. மனுஷனுக்குக் கடை அலுத்துவிட்டது. வீட்டில் உட்கார வழி தேடுகிறார்.

"எல்லாம் சரியாத்தான் தொடுறீங்க" என்றேன்.

"அப்ப ஜூஸ் கொடு" என்று சிரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்த்தபடியே, வலது பக்கம் இருந்த தண்ணீர் டம்ளருக்குக் கை நீட்டினார். நாலு விரற்கடை. டம்ளர் சாய்ந்து செய்தித்தாள் முழுக்க நனைந்தது.

"நடிக்கிறீங்களா?"

கேட்டுவிட்டேன். வாயிலிருந்து போன பிறகுதான் என் காதுக்கே கேட்டது. அவர் மோவாய்க்குக் கீழே இருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அதையெல்லாம் நேராகப் பார்த்து எடுத்தார்.

"எனக்கு நடிக்கத் தெரிஞ்சிருந்தா" என்றார், "முதலாளி முன்னாடி நல்லா இருக்கிற மாதிரி நடிச்சிருக்க மாட்டேனா?"

ஈரத் தாளைத் துவைத்த துணி மாதிரி கொடியில் போட்டேன். தூக்கி எறிய மனசு வரவில்லை. நாற்பது புள்ளி வைத்த தாள் அல்லவா.

வியாழக்கிழமை காலை அந்தத் தாளைப் புள்ளி சார் மேசையில் விரித்தேன். நடந்ததைச் சொன்னேன், நடிக்கிறீங்களா என்று கேட்டதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் முதலில் என்னைப் பார்க்கவில்லை, தாளைத்தான் பார்த்தார். புள்ளி என்றால் விடுவாரா?

"எவ்வளவு நேரம் காக்க வெச்சீங்க அக்கா?"

"அஞ்சு எண்ணினேன். நம்ம வழக்கம்தான?"

"நேத்து மாப்பிள்ளைக்கு நான் காத்திருப்பை எடுத்துட்டேனே. வெள்ளைப் புள்ளி வந்த உடனே பீப். நீங்க கவனிக்கலையா?"

கவனிக்கவில்லை. கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வருடமாகக் காதில் விழுகிற பீப்பை எவள் கவனிப்பாள்? பழக்கத்தில் மாப்பிள்ளையின் வழக்கமான விதியைக் கொண்டுபோய் வீட்டு மேசையில் போட்டிருக்கிறேன்.

சார் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அவர் எழுந்தால் விஷயம் பெரிது.

"டம்ளர் எடுக்கும்போது அவர் காத்திருந்தாரா?"

"இல்ல. சிரிச்சுக்கிட்டே உடனே நீட்டினார்."

"அப்ப அவர் நடிக்கலை அக்கா. நடிக்கிறவனுக்கு இது தோணவே தோணாது. காத்திருந்தா சரியாகும், அவசரப்பட்டா தவறும்னு யாரால கற்பனை பண்ண முடியும்? உங்களுக்கே தோணலையே." தாளைத் திருப்பி அதன் ஓரத்தில் ஒரு கண்ணும் ஒரு கையும் வரைந்தார். "கண்ணுலேருந்து கைக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. பார்த்த உடனே கைக்குச் சொல்ற செல்லுங்க அங்கதான் இருக்கு. அந்த இடம் அடிபட்டவங்களுக்கு நேராப் பார்த்தா கை ஓரளவு சரியாப் போகும், ஓரத்துல இருந்தா தவறும். ஆனா கொஞ்சம் பொறுத்து, பார்த்ததை நினைவுல வெச்சுக்கிட்டு நீட்டினா, கை சுத்து வழியில போகுது. அப்படிச் சில பேருக்குச் சரியா வருதுன்னு எழுதியிருக்காங்க. நான் இதுவரைக்கும் படிச்சுத்தான் இருக்கேன். இப்பதான் பார்க்கிறேன்." ஈரம் காய்ந்து சுருங்கிய தாளைத் தடவிக் கொடுத்தார்.

"சரியாயிடுமா சார்?"

"நான் குரங்கு பார்க்கிறவன். மனுஷங்களைப் பார்க்கிற நரம்பு டாக்டருக்குக் கடிதம் எழுதித் தர்றேன். இந்தத் தாளையும் எடுத்துக்கிட்டுப் போங்க, தொலைச்சிடாதீங்க." பிறகு கொஞ்சம் தயங்கி, "பதறாத காரியம் சிதறாதுன்னு எங்கம்மா சொல்வாங்க. இவ்வளவு நேரடியான அர்த்தம் இருக்கும்னு நான் நினைக்கலை" என்றார்.

எனக்கு ஒரே சமயத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தது. நிரூபிக்கப் போய் நான் செய்த தவறுதான் நிரூபணம். பெருமைப்படவா, தலையில் அடித்துக்கொள்ளவா?

அன்று சாயங்காலம் அவர் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "நான் சொன்னது தப்பு" என்றேன். எனக்கு இந்த வாக்கியம் பழக்கமில்லாதது. நாக்கு சிக்கியது. சார் சொன்னதையெல்லாம் சொன்னேன். குறுக்கு வழி, சுற்று வழி, படம் உட்பட. அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து கேட்டார். கடைசியில் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இது என் கை தப்பில்ல."

"இல்ல."

"பராக்கும் இல்ல."

"இல்லங்க."

"அதை இன்னொரு தரம் சொல்லு" என்றார். சொன்னேன்.

அன்றும் மறுநாளும் மேசையில் சீப்பு, கத்தரி, பவுடர் டப்பா. ஒரு பார்வை பார்ப்பது, கண்ணைத் தலைக்கு, அதாவது என் தலைக்குத் திருப்புவது, ஐந்து எண்ணுவது, பிறகு நீட்டுவது. எண்ணாமல் நீட்டினால் தவறியது. எண்ணினால் பெரும்பாலும் கிடைத்தது. பழகிய கை அவசரப்பட்டது, அடக்குவதற்கு என் நாக்கு 'டொக்' தேவைப்பட்டது. முடி வெட்டிக்கொள்ள ஆள் வேண்டும் என்று என் தலையிலும் இரண்டு அங்குலம் குறைத்துவிட்டார்.

சனிக்கிழமை நானும் கடைக்குப் போனேன். வேடிக்கை பார்க்க வேண்டாம் என்று அவர் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கிற ஆளா? வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். கடையில் கூட்டம் இல்லை. முதலாளி செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து, நேராக நடு நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"எனக்கு வெட்டுப்பா. உன் கை எப்படிப் போகுதுன்னு நானே பார்க்கிறேன்."

அவருக்கு இருப்பதோ காதோரத்தில் நாலு முடி. அதற்கு எத்தனை தரம் சீப்பு எடுப்பது? ஆனால் என் வீட்டுக்காரர் துணியை உதறிப் போர்த்தி, பலகை மேல் இருந்த சாமான்களை ஒருமுறை நின்று பார்த்தார். பிறகு முதலாளியின் தலையைப் பார்த்தார். அப்படியே நின்றார். கை அசையவில்லை.

ஒன்று. இரண்டு.

"என்னப்பா, தூக்கமா?" கண்ணாடி வழியாக முதலாளி.

மூன்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். வாழ்நாளில் ஐந்து வரை எண்ண இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

"யோசிக்கிறேன் முதலாளி."

"நாலு முடிக்கு என்னய்யா யோசனை?"

என் நாக்கு எனக்குத் தெரியாமலே 'டொக்' என்றது. முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். அந்த நொடியில் கை போய் சீப்பின் நடுவில் மூடியது. கண் தலையை விட்டு நகரவில்லை.

மொத்தம் பதினொரு தரம். நான் எண்ணினேன். பாட்டிலை ஒரு தரம் தவறவிட்டார், தட்டிவிடவில்லை, நின்று மறுபடி பார்த்து எடுத்தார். முடித்ததும் துணியை எடுத்துவிட்டு, முதலாளியிடம் மூன்று மாதத்துக் கதையையும் சொன்னார். குரங்கையும் சேர்த்துத்தான். அந்த இடத்தில் முதலாளி என்னை இன்னொரு தரம் பார்த்தார். "நரம்பு டாக்டர் பார்த்துச் சொல்ற வரைக்கும் சவரக்கத்தியை நான் தொட மாட்டேன். முடி மட்டும் வெட்டுறேன். கொஞ்சம் நேரமாகும்" என்றார் என் வீட்டுக்காரர்.

முதலாளி பின்னந்தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "நேரமானா ஆகட்டும். நானும் இவ்வளவு நாளா குடின்னு நினைச்சுட்டேன்பா" என்றார். தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்து, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார்.

மதியம் சாப்பாட்டுக்கு இருவரும் சேர்ந்து கிளம்பினோம். கடைத்தெரு முனையில் பெரிய சாலையைக் கடக்க வேண்டும். அவர் வண்டி வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த இடத்தில் என் கையைப் பிடித்துத்தான் கடப்பார், என்னைப் பார்த்துப் பிடித்ததே இல்லை. அன்றும் பார்க்காமலே கையை நீட்டினார். எண்ணவில்லை, காத்திருக்கவில்லை, மறந்துவிட்டார். கை என் கைக்கு நாலு விரற்கடை தள்ளி, வெறும் காற்றில் போய் விரித்தபடி நின்றது.

இந்தத் தடவை நான் கத்தவில்லை. என் கையை நகர்த்தி, அவர் கை போயிருந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தேன். அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்தியா, இது மட்டும் தவறலை" என்றார், சாலையைப் பார்த்துக்கொண்டே.

"ஆமாங்க" என்றேன். கடந்தோம்.